சுடாமல் விடும் விரல்

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்குக் கிளம்பிய 25 நடுவயது ஆண்களின் மார்பில், இதயத் துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள் மருத்துவ ஆய்வாளர்கள். முன்னதாக அவர்களை ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவரவர் இதயம் எட்டிய உச்ச வேகத்தைக் குறித்துவைத்திருந்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. 10 பேருக்குக் காட்டில் துடிப்பு அந்த உச்சத்தையும் தாண்டியிருந்தது. மேடு பள்ளத்தில் நடப்பதும், சுட்ட மானை இழுத்து வருவதும் கடும் உழைப்புதான். ஆனால் வேட்டைக்காரர் எவரைக் கேட்டாலும் இன்னொரு காரணம் சொல்வார். கொம்புள்ள மான் கண்ணில் பட்டால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், நாக்கு வறளும். இதை அவர்கள் ‘பக் ஃபீவர்’ என்கிறார்கள். ஆண் மானைக் கண்டதும் வரும் காய்ச்சல்.

இத்தனை கொந்தளிப்புக்கு நடுவிலும், பழுத்த வேட்டைக்காரர்கள் பலர் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுகிறார்கள். குறி கச்சிதம், தூரம் குறைவு, உரிமச் சீட்டு சட்டைப்பையில். மான் தன் பாட்டில் போகிறது. இதே ஆள் 14 வயதில் அந்த மானை விட்டிருக்க மாட்டார். இடையில் அவருக்குள் என்ன மாறியது என்பதை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்கிறார்கள். அந்த மாற்றம் அவரோடு நின்றுவிடுவதில்லை, காட்டின் செடிகொடி வரை போய்ச் சேர்கிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. அமெரிக்காவில் அது அரசு நடத்தும் ஏற்பாடு. எத்தனை நாள், எந்தப் பகுதி, ஆளுக்கு எத்தனை மான் என்று மாநிலமே வரையறுக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி வேட்டை நவம்பரில் ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளில் ஐந்து, ஆறு லட்சம் பேர் காட்டுக்குள் இறங்குவார்கள். மாநில மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்.

அங்கேதான், லா கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்ட்டன் என்ற இருவர் 1970களின் பிற்பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களிடம் விசாரித்தார்கள். “நேற்றைய வேட்டை நன்றாக இருந்ததா? எதனால்?” என்கிற மாதிரியான கேள்விகள்தான். பதில்களில் ஒரு வரிசை தெரிந்தது. புதியவருக்கு வெடித்தால் போதும், எத்தனை முறை சுட்டோம் என்பதே நாளின் அளவுகோல். அடுத்து வருவது எண்ணிக்கை. உரிமத்தில் எத்தனை அனுமதியோ அத்தனையையும் அடித்தாக வேண்டும். மூன்றாவது கட்டத்தில் பெரிய கொம்புக்காகக் காத்திருக்கிறார், சிறியதை விட்டுவிடுகிறார். நான்காவதில் எதை அடித்தோம் என்பதைவிட எப்படி அடித்தோம் என்பது முக்கியமாகிறது. ஐந்தாவதில் காட்டில் இருப்பதே நிறைவு. மான் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. ஐந்து கட்டங்களிலும் துப்பாக்கி ஒன்றுதான், காடு ஒன்றுதான். வெற்றி என்ற சொல்லுக்குள் இருக்கும் பொருள் மட்டும் இடம் மாறிக்கொண்டே போகிறது.

முதல் கட்டத்துப் பரவசம் ஏன் தங்குவதில்லை? நரம்பியலாளர் வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. விளக்கு எரிந்ததும் பழச்சாறு வரும். தொடக்கத்தில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்புகள் சாறு வாயில் பட்டதும் துடித்தெழுந்தன. பழகிய பிறகு விளக்கைக் கண்டபோதே எழுந்தன. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது கம்மென்று இருந்தன. எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகக் கிடைத்தால்தான் அவை கிளர்கின்றன. குரங்கின் சாறு வேறு, மனிதனின் வேட்டை வேறு. ஆனாலும் பத்தாவது மானை வீழ்த்தியவருக்குப் பதினோராவது மான் ஏன் சப்பென்று இருக்கிறது, வராத பெரிய மானுக்காக ஏன் ஐந்து நாள் குளிரில் காத்திருக்கிறார் என்பதற்கு இது பொருந்திவருகிறது.

கொம்பின் மீது மோகம் வந்ததும் வேட்டைக்காரர் கணக்கர் ஆகிவிடுகிறார். வெள்ளைவால் மானின் கொம்பு வசந்தத்தில் முளைக்கும். கோடை முழுக்க மென்மயிர் போர்த்திய தோலுக்குள் இரத்தம் ஓடி வளர்ந்து, இலையுதிர் காலத்தில் இறுகும், குளிரில் கழன்று விழும். மறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். பாலூட்டி உடம்பில் இத்தனை விரைவாக வளரும் எலும்பு அரிது. இதை அளக்க ‘பூன் அண்ட் க்ரோக்கெட் கிளப்’ என்ற அமெரிக்க வேட்டைக்காரர் அமைப்பு 1950இல் ஒரு முறை வகுத்தது. முதலில் கொம்பை 60 நாள் காயவைக்க வேண்டும், காயும்போது அது சுருங்கும். பிறகு நடுத்தண்டின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், பல இடங்களில் சுற்றளவு, இரு கொம்புக்கும் இடைப்பட்ட அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை அளந்து கூட்ட வேண்டும். இடமும் வலமும் ஒத்துப்போகாத அளவுக்கு மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். சீரான கொம்பு 170 எட்டினால்தான் நிரந்தரப் பட்டியலில் இடம்.

விஸ்கான்சினில் 1914இல் ஜேம்ஸ் ஜோர்டன் சுட்ட மானின் கதையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. பாடம் செய்யக் கொடுத்த தலை அவர் கைக்குத் திரும்பவே இல்லை. பல பத்தாண்டு கழித்து, பழைய பொருள் விற்பனை ஒன்றில் யாரோ அதை 3 டாலருக்கு வாங்கினார். அளந்தால் 206-க்கு மேல், உலகச் சாதனை! அது ஜோர்டன் சுட்டதுதான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது 1978இல், அவர் காலமான அதே ஆண்டில். இந்தச் சாதனையை 1993இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண மான் ஒன்றுதான் முறியடித்தது.

பெரிய கொம்பு வேண்டுமென்றால் மானுக்கு வயதாக வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் கொம்பு உச்சத்துக்கு வரும். எனவே மூன்றாம் கட்டத்துக்காரர் வயதைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். நம்மூர்ச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, செத்த மானின் கடைவாய்ப் பல் தேய்மானத்தை வைத்து வயது சொல்லும் முறையை உயிரியலாளர் செவரிங்ஹாஸ் 1949இலேயே வெளியிட்டார். ஆனால் உயிரோடு நடமாடும் மானிடம் பல்லைப் பார்க்க முடியுமா? உடம்பைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றரை வயது ஆண் மான், பெண் மானுக்குக் கொம்பு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். கால் நீளம், கழுத்து ஒல்லி, வயிறு ஒட்டியிருக்கும். மூன்றரையில் மார்பு விரிந்து திரண்டிருக்கும். ஐந்தரையில் வயிறு தொங்கும், முதுகு நடுவில் சற்றே வளையும், கழுத்து மார்போடு ஒன்றாகிவிடும், அதனால் கால் குட்டையாகத் தெரியும். மரங்களுக்கிடையே மான் கடந்துபோகும் சில நொடிக்குள், நெஞ்சு படபடக்கும்போதே, இவ்வளவையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நான்காம் கட்டத்தில் மனிதர் வேண்டுமென்றே தன் கையைக் கட்டிக்கொள்கிறார். ரைஃபிளால் நூறு மீட்டருக்கு அப்பால் சுட முடிந்தவர் வில்லுக்கு மாறுகிறார், இப்போது முப்பது மீட்டருக்குள் மான் வர வேண்டும். அல்லது குழல் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கியை எடுக்கிறார். குறி தப்பினால் மறுபடி கெட்டிக்கும்வரை மான் நிற்காது. பரண் எந்த மரத்தில், காற்று எந்தப் பக்கம், தன் வாடை எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும். தேர்ச்சி கூடக்கூட, அதற்கு ஈடாக ஆட்டத்தைக் கடினமாக்கிக்கொண்டால்தான் சுவை குறையாமல் இருக்கும்.

இதை ஏணி என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். மனிதர் அப்படி வரிசையாக ஏறுவதில்லை. முதல் நாள் பெரிய கொம்புக்காக ஐந்து மானை விட்டவர், கடைசி நாள் மாலையில் வீட்டு ஃப்ரீசரை நினைத்து, வந்த மானைச் சுடுவார். நேரம் குறையக் குறைய ஏற்கத்தக்கதின் வரம்பு இறங்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேனியல் டெக்கரும் நான்சி கானலியும் 1989இல் வேறு விதமாகப் பிரித்தார்கள். சிலருக்குச் சாதனை, சிலருக்குக் கூட்டாளிகளோடும் குடும்பத்தோடும் கழிக்கும் பொழுது, சிலருக்கு இயற்கையோடு ஒன்றியிருப்பது. மூன்றும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம். எது முன்னால் நிற்கிறது என்பதுதான் மாறும். எனக்கு இதுவே உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது.

இப்போது இந்த மனங்களை லட்சக்கணக்கில் பெருக்கிப் பார்ப்போம். 1989இல் அமெரிக்காவில் சுடப்பட்ட கொம்புள்ள ஆண் மான்களில் 62 விழுக்காடு ஒன்றரை வயதுக் குட்டிக் கலைகள். 2010களின் இறுதியில் அது ஏறத்தாழ 30 விழுக்காடு. பென்சில்வேனியா 2002இல் கொண்டுவந்தது போன்ற, இத்தனை கிளை இருந்தால்தான் சுடலாம் என்ற சட்டங்களும் இதில் உதவின. ஆனால் பெரும் பங்கு, யாரும் கட்டாயப்படுத்தாமல் விரலை எடுத்தவர்களுடையது. காட்டில் நடமாடும் கலைமான்களின் வயதே கூடிவிட்டது.

பொறுக்கிச் சுடுவது வேறொரு தடத்தையும் விடும். கனடாவின் ராம் மலையில் பெருங்கொம்பு ஆடுகளை முப்பது ஆண்டு கண்காணித்தார்கள். கொம்பு குறிப்பிட்ட அளவு வளைந்த கிடாயைத்தான் சுடலாம் என்பது விதி. கொம்பு விரைவாக வளர்ந்த கிடாய்கள் வாரிசு பெருக்கும் முன்பே விழுந்தன. தலைமுறைகளில் கொம்பும் உடல் எடையும் சிறுத்துவந்ததை 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். வெள்ளைவால் மானின் கொம்பு ஆண்டுதோறும் புதிதாக முளைப்பது. அதன் அளவில் வயதுக்கும் தீனிக்கும் பெரும்பங்கு இருப்பதால், அங்கே இப்படிப்பட்ட மரபு மாற்றத்தைப் பிரித்தறிவது கடினம்.

அங்கே சிக்கல் பெண் மானில்தான். 1900 வாக்கில் அமெரிக்காவில் எஞ்சியிருந்தவை ஐந்து லட்சம் மான்கள் இருக்கலாம். அப்போது பிணைமானைச் சுடாதே என்று சட்டம் போட்டார்கள். சட்டம் நாளடைவில் மன ஒழுக்கமாக ஊறிவிட்டது. மான்களோ கோடிகளுக்குப் பெருகின. ஒரு கலை பல பிணைகளுடன் சேரும், நல்ல தீனி கிடைக்கும் பிணை இரட்டைக் குட்டி போடும். எனவே கலையை மட்டும் எவ்வளவு சுட்டாலும் கூட்டம் குறையாது. ஹெம்லாக் மரக்கன்றும் டிரில்லியம் பூச்செடியும் தலைதூக்கும் முன்பே மேயப்பட்டுவிடும். ஆல்டோ லியோபோல்ட் இளமையில், ஓநாயைக் கொன்றால் மான் பெருகும் என்று நம்பிச் சுட்டவர். பிறகு தானே வில் செதுக்கி வேட்டையாடியவர், விஸ்கான்சினில் பேராசிரியரானவர். 1943இல் மாநில இயற்கைவளக் குழுவில் உட்கார்ந்து, கொம்பில்லா மான்களையும் சுட்டாக வேண்டும் என்று அவர் வாதாடினார். அவ்வாண்டு அனுமதி கிடைத்தது, கூடவே ஊரே திட்டியது. 1996இல் அதே மாநிலம், ‘முதலில் ஒரு கொம்பில்லா மான், அப்புறம்தான் கலை’ என்று சில பகுதிகளில் விதி போட்டது. கூட்டம் குறைந்தது. பெரிய கொம்புக்குக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். 2011இல் சட்டமன்றம் அந்த விதியை நீக்கிவிட்டது.

ஆக, ஜாக்சனும் நார்ட்டனும் வரைந்த வரிசையில் மேலே நிற்பவர் சுடாமல் போகிறார், கீழே நிற்பவர்தான் காட்டுக்குத் தேவையானதைச் செய்கிறார். எந்த மான் வந்தாலும் குதிக்கிற சிறுவனுக்குப் பெண் மானும் பெரிய மான்தான். விஸ்கான்சின் அதிகாரிகளுக்கு இது தெரியும். அக்டோபரில் இரண்டு நாள் சிறுவர்களுக்கென்றே ஒதுக்கி, பெரியவர் துணையோடு அனுப்புகிறார்கள். சிறுவர் உரிமத்தோடு கொம்பில்லா மானுக்கான சீட்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.