இரும்புக்கை மாயாவி: எதிர்நிலைத் தலைவனும் வாசிப்பின்பமும்

சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டு தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. பிரித்தானிய வார இதழான 'வேலியண்ட்' 1962 முதல் வெளியிட்ட படக்கதையின் தமிழாக்கம் இது. இதன் முதன்மை ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

கதைத்தலைவன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வக உதவியாளன். விபத்தில் இழந்த கைக்கு மாற்றாக இரும்புக்கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் புலப்படுகிறது. இவ்வாற்றலைக் கொண்டு முதலில் குற்றங்களே புரிகிறான், பின்னரே உளவாளியாகிறான்.

தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கள்வரையும், பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தறுகண்ணையும் சுட்டுகிறார். வழக்கமான வீரக்கதையில் அச்சம் பகைவனுக்கும் பெருமிதம் தலைவனுக்கும் உரியனவாகப் பிரிந்து நிற்கும். மாயாவியிடம் அவ்விரண்டும் ஓரிடத்தே கூடுகின்றன. ஆதலின் அவன்பால் எவ்வுணர்வு கொள்வது என்பதை வாசகரே ஒவ்வொரு கட்டத்திலும் முடிவுசெய்ய வேண்டியுள்ளது. இத்தீர்ப்புப் பொறுப்பே இவ்வாசிப்பின்பத்தின் அடிப்படையாகும்.

படமொழியும் இதற்குத் துணைபுரிகிறது. உடல் மறைந்த நிலையில் முகக்குறிப்பைக் காண வழியில்லை. கையின் செயலே முதன்மைச் சான்றாகிறது. திருடிய கையே பின்னர்க் காக்கவும் செய்கிறது. அவன் திருந்திய பிறகும் அக்கை பழைய குற்றத்தை நினைவூட்டிக்கொண்டே இருப்பதால், வாசகரின் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை.

படக்கதை நன்மை தீமைகளை எளிதில் பிரித்துக்காட்டும் சிறுவர் பொழுதுபோக்கு என்னும் கருத்து இங்குப் பொருந்தவில்லை. எனவே, தமிழில் வழங்கும் படக்கதைகளை மெய்ப்பாட்டியல் நோக்கில் ஆராய்தல் தேவையாகிறது.