மொத்த ஃபார்வர்டும் ஒத்த போஸ்ட்கார்டும்

டிசம்பர் 31 ராத்திரி 12 அடிச்சதும் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரே பட்டாசு. அதே ரோஜாப்பூ, அதே நாலு வரி. பிளஸ் டூ குரூப்பில் 40 பேர் இருந்தா 40 பேரும் போடுவாங்க. யாரும் யாரோடவும் பேசியிருக்க மாட்டாங்க.

உலகின் முதல் எஸ்.எம்.எஸ்.ஸே ஒரு பண்டிகை வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3, இங்கிலாந்து. நீல் பாப்வொர்த் என்ற 22 வயது இன்ஜினியர், வோடஃபோனில் இருந்த ரிச்சர்ட் ஜார்விஸுக்கு 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினார். பதில் வரவில்லை. ஜார்விஸ் கையிலிருந்த போனில் மெசேஜ் டைப் பண்ண வழியே கிடையாது!

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட், ஆக 160 எழுத்து. தமிழுக்கு யூனிகோடு வேணும். ஒரு குறிக்கு 16 பிட், ஆக 70 தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறி. 'புத்தாண்டு வாழ்த்துகள்' நம்ம கண்ணுக்கு 11 எழுத்து, போனுக்கு இடைவெளியோட 22. ('வாழ்த்துக்கள்'னு க் போட்டா இன்னும் ரெண்டு கூடும். அந்தப் புலவர் சண்டைக்கு நான் வரல.) போதாக்குறைக்கு, அப்போல்லாம் தீபாவளி, புத்தாண்டு மாதிரி நாட்களில் எஸ்.எம்.எஸ். பேக் செல்லாம இருந்தது, தனிக் கட்டணம் போட்டாங்க. 'பிளாக் அவுட் டே'ன்னு பேரு. காசு போகுதுன்னதும் யாருக்கு அனுப்பணும்னு ஆள் யோசிச்சான்.

போஸ்ட்கார்டுக்கு இன்னும் யோசிக்கணும். நம்ம காந்திகிராமம் 624302. இதில் 6 தமிழ்நாடும் கேரளாவும் இருக்கிற தெற்கு மண்டலம், 624 திண்டுக்கல் வட்டாரம், கடைசி 302 நம்ம போஸ்ட் ஆபீஸ். 1972 ஆகஸ்ட் 15ல் வந்த ஏற்பாடு இது. ஆனா இந்த ஆறு இலக்கம் தெரியணும்னா நண்பனுக்கு போன் பண்ணி முகவரி கேட்கணும். அங்கேயே பாதிப் பேச்சு தொடங்கிடும்.

"இத்தனை நாள் கழிச்சு திடீர்னு பேசினா என்ன நினைப்பான்?"ங்கற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெகி லியு குழு, 5,900க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வை 2022ல் வெளியிட்டது. நாம தொடர்புகொண்டா எதிராளி எவ்வளவு சந்தோஷப்படுவார்னு நாம குறைச்சே மதிப்பிடறோமாம். எதிர்பாராம வந்தா அவருக்கு மகிழ்ச்சி இன்னும் கூடுது.

பிளஸ் டூ முடிச்சு நேரா திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் திண்டுக்கல் ஸ்பின்னிங் மில்லுக்கும் போனவங்க நம்ம குரூப்பிலயும் இருக்காங்க. நாம ஹாஸ்டல் போட்டோவும் சிம்போசியம் சர்டிபிகேட்டும் போடப் போட அவங்க சத்தமில்லாம ஆயிடறாங்க. ஒருநாள் 'லெஃப்ட்'. அவங்களுக்கு ரோஜாப்பூ வேண்டாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எழுதுங்க, கேள்வியா முடிங்க. வெறும் வாழ்த்துக்கு 'சேம் டு யூ' போட்டுட்டுப் போயிடலாம். "எப்போ லீவு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ அடிக்கலாமா?"ன்னா பதில் சொல்லியே ஆகணும்.

நைட் ஷிப்ட்ல இருக்கறவனுக்கு 12 மணிக்கு அனுப்பாதீங்க. காலையில ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர்ற நேரம் பார்த்து அனுப்புங்க.