கான்சர்ட்டுக்குக் குழந்தையையும் கூட்டிட்டுப் போறீங்களா? டிக்கெட்டோடு சேர்த்து வாங்க வேண்டிய ஒரு பொருள்

2025 ஜனவரி. அகமதாபாத் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் கோல்ட்பிளே இசைக்குழுவின் இரண்டு நாள் கான்சர்ட். டிக்கெட்டெல்லாம் விற்றுத் தீர்ந்து, ரசிகர்கள் ரயில் ஏறத் தயாராக இருந்த நேரத்தில், அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு நோட்டீஸ் போனது. மேடையில் குழந்தைகளை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது. காதுக்குப் பாதுகாப்பு இல்லாத குழந்தைகளை நிகழ்ச்சிக்குள் விடக் கூடாது. காரணம், 120 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி குழந்தைகளுக்குக் கெடுதல்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 நவம்பரில் தில்ஜித் தோசாஞ்ச் ஹைதராபாத்தில் பாட வந்தபோது தெலங்கானா அரசு அனுப்பிய நோட்டீஸிலும் இதே 120 இருந்தது. ஆனால், மதுவைப் பற்றிய பாடல்களைப் பாடக் கூடாது என்ற வரிதான் அன்று தலைப்புச் செய்தி ஆனது. காது விஷயம் அடியில் போய்விட்டது.

‘பாட்டு கேட்குறதுக்கும் நோட்டீஸா?’ என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால் கோல்ட்பிளே பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்கே டின்னிடஸ் எனப்படும் காதிரைச்சல் பிரச்சினை உண்டு. சின்ன வயதில் சத்தமாக இசை கேட்டதன் விளைவு இது என்று 2012இல் அவரே வெளிப்படையாகப் பேசினார். மேடையில் காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் அவர் நிற்பதில்லை. 2005இல் லண்டனில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சிக்கு வந்த அவருடைய ஒரு வயதுக் குழந்தையின் காதுகளைப் பெரிய இயர்மஃப் மூடியிருந்த படமும் அப்போது பிரபலம். இசைக்கலைஞர்களின் வீட்டில் இது ஹெல்மெட் மாதிரி. நம் ஊரில்தான் இன்னும் புதுசு.

120 என்ற எண்ணில் ஒரு சிக்கல்

நோட்டீஸ்களில் வரும் 120 எங்கிருந்து வந்தது? உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டுதலில், ஒரு நொடிகூடத் தாண்டக் கூடாத உச்ச அளவாக பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 என்று இருக்கிறது. வெடிச்சத்தம் போன்ற திடீர் ஒலிகளுக்குப் பொருந்தும் கணக்கு இது. இதை மட்டும் கேட்டால், ‘120 தாண்டலையே, அப்போ பிரச்சினை இல்ல’ என்று நினைத்துவிடுவோம். தவறு அங்கேதான்.

கான்சர்ட்டில் காதைக் கெடுப்பது ஒரு நொடியின் உச்சம் மட்டும் அல்ல, நிமிடங்கள். எவ்வளவு சத்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகும். அதாவது, காது பாதுகாப்பாகத் தாங்கும் நேரம் பாதியாகும்.

போனில் பாட்டு கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம், ஆனால் 75 டெசிபல். வெறும் ஐந்துதானே குறைவு என்று தோன்றும். அந்தப் பாதி பாதி கணக்கைப் போட்டுப் பாருங்கள். 78 என்றால் 20 மணி நேரம். 81 என்றால் 10. 90 வந்தால் ஒண்ணேகால் மணி நேரம். 99 டெசிபலில் குழந்தையின் ஒரு வார ஒதுக்கீடு சுமார் 9 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பெரியவருக்கு அதே இடத்தில் அரை மணி நேரம் கிடைக்கும்.

99 என்பது கான்சர்ட்டுகளில் அபூர்வமான அளவு அல்ல. இசை நிகழ்ச்சிகளுக்காக 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தரநிலையே, 15 நிமிட சராசரியாக 100 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்றுதான் கேட்கிறது. ஆக, எல்லாம் விதிப்படி நடந்தாலும், காதில் எதுவும் போடாத குழந்தைக்கு மூன்றாவது பாட்டுக்குள் கணக்கு முடிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

நத்தைக்கூடு போலச் சுருண்ட உட்காதில், காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்கான சிக்னலாக மாற்றுவது இவைதான். இதில் ஒன்று செத்தால் செத்ததுதான், மனிதர்களுக்கு அது திரும்ப முளைப்பதில்லை.

கான்சர்ட் முடிந்து வெளியே வரும்போது காது அடைத்தது போலவும் ‘கொய்ங்’ என்றும் இருக்குமே, அடுத்த நாள் சரியாகிவிடுமே? முழுசாகச் சரியாகிறது என்று சொல்வதற்கில்லை. 2009இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பலத்த ஒலிக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. முடிச் செல்களும் தப்பித்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் இணைப்புகளில் கணிசமான பகுதி போய்விட்டிருந்தது. எலிக்கு நடந்தது அப்படியே குழந்தைக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ‘ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு’ என்பதை இனி அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியாது.

பெரியவருக்குக் காது வலித்தால் நகர்ந்து போவார். இரண்டு வயதுக் குழந்தை என்ன செய்யும்? அழும். அந்தச் சத்தத்தில் அழுகை பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இன்னும் சில குழந்தைகள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ‘பாருங்க, இவனுக்கு ஒண்ணுமே ஆகல’ என்று நாம் சந்தோஷப்படுவோம். கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. தூக்கத்திலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சட்டம் யாரைப் பாதுகாக்கிறது?

இந்தியாவில் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், சுற்றுப்புறத்துக்கு நிர்ணயித்த அளவைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 டெசிபலாகவோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது.

‘எல்லையில்’ என்பதுதான் இங்கே முக்கியம். இந்த அளவுகோல் பக்கத்துத் தெருவில் தூங்குபவருக்காகப் போட்டது, நியாயமான விதி. ஆனால் மைதானத்துக்குள் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காதில் எவ்வளவு விழுகிறது என்பதை இந்த விதி கேட்பதே இல்லை.

பிரான்ஸில் 2017இல் வந்த ஆணை, பார்வையாளர் நிற்கும் இடத்திலேயே 15 நிமிட சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சி என்றால் 94. காதுப் பாதுகாப்பை இலவசமாகத் தர வேண்டும், காதுக்கு ஓய்வு தரும் அமைதியான இடமும் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான நிகழ்ச்சிக்கு 93 டெசிபல்தான் வரம்பு. நம் ஊரில் யாராவது புகார் கொடுத்தால் நோட்டீஸ் வருகிறது, அடுத்த கான்சர்ட்டுக்கு மறுபடி முதலிலிருந்து. அதுவரை கணக்குப் பார்க்கும் வேலை பெற்றோர் தலையில்தான்.

சரி, என்ன பண்ணலாம்?

முதல் வேலை, குழந்தைகளுக்கான இயர்மஃப். இரண்டு காதையும் முழுதாக மூடி, தலையில் இறுக்கமாக உட்காரும் வகை. பெட்டியில் என்ஆர்ஆர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது ஆய்வகத்தில் கிடைத்த அளவு. நிஜத்தில், தலைமுடி, தொப்பி, குழந்தை இழுத்துவிடுவது எல்லாம் போக அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். 15 டெசிபல் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலே, 99 என்பது 84 ஆகிறது. ஒன்பது நிமிடம் ஐந்து மணி நேரமாகிறது. ஒரு முழு கான்சர்ட்டே அதற்குள் அடங்கிவிடும்.

பஞ்சு வைப்பது நம் வீட்டு வழக்கம். அது தடுப்பது மிகச் சொற்பம். காதுக்குள் செருகும் ஃபோம் பிளக் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். விமானத்தில் போடும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை நம்பியும் போக வேண்டாம், அது வேறு வேலைக்குச் செய்த கருவி. முக்கியமாக, இயர்மஃபை வாங்கிய அன்றே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். மைதானத்தில் முதல் தடவை மாட்டினால், ஐந்து நிமிடத்தில் அது உங்கள் கையில்தான் இருக்கும்.

அடுத்தது இடம். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் பகுதி குழந்தைக்கானது அல்ல. ‘பின்னாடி நின்னா போதும்’ என்பதும் பாதி உண்மைதான். பெரிய மைதானங்களில் பின்வரிசைக்கும் தெளிவாகக் கேட்க நடுவில் தனியாக ஸ்பீக்கர் டவர்கள் நிறுத்துவார்கள். அதன் அடியில் போய் நின்றால், முன்வரிசையில் நின்ற மாதிரிதான். சந்தேகம் இருந்தால் ஐபோனில் நியாஷ் நிறுவனத்தின் இலவச ஒலிமானி ஆப் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். தோளில் தூக்கி வைப்பதையும் ஒரு பாட்டோடு நிறுத்தலாம். கூட்டத்தின் உடல்கள் கொஞ்சம் ஒலியை வாங்கிக்கொள்ளும், தோளுக்கு மேலே அந்தத் தடுப்பு கிடையாது.

வெளியே போகும் வழியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் சென்னை ஈசிஆரில் நடந்த ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில், கூட்ட நெரிசலில் குழந்தையோடு வந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். வழி அருகில் இருந்தால், அரை மணிக்கு ஒரு தடவை ஐஸ்கிரீம் சாக்கில் வெளியே கூட்டிப்போய்க் காதுக்கு ஓய்வு தரவும் வசதி. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் பாதியில் கிளம்பினாலும் தப்பில்லை. குழந்தைக்கு அந்த முதல் பத்து நிமிட லைட்டும் மேளமும்தான் ஞாபகம் இருக்கப் போகிறது.

வாங்கிய இயர்மஃப் வீணாகாது. கான்சர்ட் வருஷத்துக்கு ஒன்றுதான். கல்யாண ரிசப்ஷன் டிஜே, மண்டபத்துக்குள் அடிக்கும் செண்டை மேளம், தீபாவளி எல்லாம் நம் வீட்டுப் பக்கமே வருகின்றன. மூடிய மண்டபத்தில் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்புவதால் நிலைமை மைதானத்தைவிட மோசமாகவும் இருக்கலாம்.

நிகழ்ச்சிக்குப் பிறகு, பேசத் தெரிந்த குழந்தை என்றால், காதுக்குள் வண்டு கத்துகிறதா என்று கேளுங்கள். ‘இரைச்சல்’ என்ற வார்த்தை அதற்குத் தெரியாமல் இருக்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, காதைத் தொட்டுக்கொண்டே இருப்பது எல்லாம் ஒரு நாளைத் தாண்டியும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று கேட்கவே இல்லை என்றால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம்.