நொய்யல் ஏன் உப்புக் கரித்தது?

கடலே இல்லாத கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றுநீர் ஏன் உப்பானது? திருப்பூரின் சாயத் தொழில்தான் காரணம். தண்ணீரில் பருத்திக்கும் சாயத்துக்கும் ஒரே மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். உப்பைக் கொட்டினால்தான் விலக்கம் தணிந்து சாயம் ஏறும். அந்த உப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு போய்விடும். நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு சாதாரண வடிகட்டியில் நிற்காது. தெளிந்த நீர்தானே என்று பாய்ச்சினால் பயிர் கருகும்.

அதனால் உப்பை அறிய நீரின் மின்கடத்துதிறனை அளக்கிறார்கள். உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும். வெளியேற்றும் கழிவுநீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைபொருள்தான் வரம்பு.

பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது பெருங்கொடுமை. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. மீண்டும் இயங்கும் ஆலைகளில் இன்று ஆர்.ஓ. சவ்வில் நீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பெடுத்து, இரண்டையும் மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். மறுபயனுக்கு ஆகாத கலப்பு உப்புதான் மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அதற்கு வழி கண்டாக வேண்டும்.