சுழியோடியின் மூச்சுக் கருவி

1943ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்திற் கூஸ்தோவும் காஞானும் அமைத்த சுவாசக் கருவி, மனிதனைக் கடலடியில் மீனைப் போல் உலாவச் செய்தது. இன்று சுழியோடப் பயில்வோர் பலர் ஒரே கருவியை மாறிமாறி வாயிற் கவ்வுகின்றனர். ஒருவரது உமிழ்நீரிலுள்ள நோய்க் கிருமிகள் மற்றவரைச் சென்றடைய இதுவே வழியாகின்றது. கடலுப்பு கிருமியைக் கொன்றுவிடாதா எனச் சிலர் வினவலாம். அதனை நம்பியிருத்தல் ஆகாது.

வாய்ப்பிடியைத் துடைத்தால் மாத்திரம் போதுமா? போதாது. நாம் வெளிவிடும் மூச்சு அதன் பின்னுள்ள அறையினூடாகவே வெளியேறுகின்றது. ஆதலின் அவ்வறையும் தூய்மை பெறல் வேண்டும்.

முதலிற் சவர்க்கார நீராற் கழுவுக. உமிழ்நீர் எஞ்சியிருப்பின் குளோரீனின் வலிமை அதிலேயே செலவாகிவிடும். பின்னர், 5 வீத வெளிற்றுத் திரவத்தில் 20 மில்லிலீற்றரை 1 லீற்றர் நீரிற் கலந்து, உள்ளும் புறமும் ஒரு நிமிடமேனும் நனைந்திருக்க விடுக. கரைசலை அன்றன்றே புதிதாகக் கலத்தல் வேண்டும். ஈற்றில் நன்னீரில் நன்கு அலசி நிழலில் உலர்த்துக. கருவியைச் செய்தோர் வேறு மருந்து விதித்திருப்பின் அதனையே கொள்க.

மூன்று எச்சரிக்கைகள் உள. வெளிற்றுத் திரவத்துடன் அமோனியாவையோ அமிலத்தையோ சேர்த்தல் கூடாது; நச்சுவாயு எழும். தூசுமூடியை இறுக மூடியே கழுவுக. நீருள் இருக்கையிற் காற்றுப் பொத்தானை அழுத்தினால் நீர் குழாய்வழியே உட்புகுந்து கருவியைப் பழுதாக்கும். ஒட்சிசன் மிகுந்த வாயுவுக்குரிய கருவியில் மதுசாரம் பூசற்க, தீப்பற்ற ஏதுவாகும்.

கடலடியில் உயிரைக் காக்கும் கருவி, கரையில் நோயைக் கொணராதிருத்தல் நமது கவனத்திலேயே தங்கியுள்ளது.