மேடை வேண்டாத பாட்டு

ஒக்ரோபர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையில் ஒக்லாந்தின் கிறீன்லேன் காட்சித் திடற் பக்கம் சென்ற எம்மவர் சிலர், வாளேந்திய வீரராகவும் விண்வெளிப் பயணியராகவும் உடையணிந்த இளைஞர் கூட்டத்தைக் கண்டு திகைத்திருக்கக்கூடும். 1995ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கிய 'ஆர்மகெடன்' என்னும் இரசிகர் பெருவிழா அது. எமது பிள்ளைகளும் அங்கே செல்கிறார்கள். அதில் எமக்குக் குறையேதுமில்லை. எனினும், உலகெங்கும் இத்தகைய இரசிகர் மாநாடுகளில் நிலவும் ஒரு வழக்கத்தையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விஞ்ஞானக் கதை இரசிகர்கள் மாநாடு கூடினால், பகல் நிகழ்ச்சிகள் முடிந்த பின் விடுதி அறையொன்றிற் கதிரைகளை வட்டமாக இட்டுப் பாடத் தொடங்குவார்கள். இதற்குப் 'பில்க்' என்று பெயர். 1950களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரைத் தலைப்பில், நாட்டார் இசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையால் இவ்வாறு திரிந்தது. பிழையே பெயராக நிலைத்துவிட்டது. தெரிந்த மெட்டுக்குப் புதுச் சொற்களை அமைத்துப் பாடுவது இதிற் பெருவழக்கு. பாட்டின் மேலே 'இன்ன மெட்டு' என்று குறித்து அச்சிட்ட எமது பழைய பாட்டுப் புத்தகங்களைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. 1979இல் இதற்கெனவே தனி மாநாடொன்று சிக்காகோவிற் கூடியது.

ஒழுங்கமைப்பு மிக எளிது. வட்டத்தில் முறை வரும்போது ஒருவர் தாமே பாடலாம். இன்னொருவரைப் பாடும்படி கேட்கலாம். அல்லது அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கலாம். முறையின்றி, முந்தியவர் பாடும் வட்டங்களும் உண்டு. ஆனால் அங்கே துணிந்தவரே பாடுவர், கூச்சமுள்ளவர் கேட்டுக்கொண்டே இருப்பர். அமைப்பாளர் செய்ய வேண்டியவை சில. உறங்குவோருக்கு இடையூறில்லாத அறையைத் தேர்ந்து, நேரங்கடந்தும் அது கிடைக்குமென உறுதிசெய்ய வேண்டும். ஒலிவாங்கியைத் தவிர்க்க வேண்டும். புதிதாக வந்தவரின் முறை தவறாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எமது கலைவிழாக்களைப் பார்ப்போம். மண்டபம் வாடகைக்கு, மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை. குறித்த நேரத்தில் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்ற நினைவு வரும்போது, வரிசையில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் சிறுவர்களே. மூன்று வாரம் பயின்ற பாட்டைப் பாடாமலே வீடு திரும்பிய சிறுமியொருத்தியை நாம் அறிவோம். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை.

அவளினும் எம்மை வருத்துவது சமையற்கட்டில் நிற்கும் அம்மாவின் நிலை. மார்கழி விடியலிற் கோயில் வீதியில் திருவெம்பாவை பாடியவர் அவர். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்தவர். ஒலிவாங்கியை நீட்டினால் 'எனக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளை' என்று விலகிவிடுவார். அவரது பாட்டு எந்த ஒலிநாடாவிலும் இல்லை.

இந்நாட்டின் மூத்த குடிகளாகிய மாவோரி மக்களிடம் அழகிய மரபொன்று உண்டு. மராயி முற்றத்தில் ஒருவர் உரையாற்றி முடித்ததும், அவருடைய மக்கள் எழுந்து அவருடன் நின்று பாடுவார்கள். பாட்டில்லாத உரை நிறைவுறாதது. எமது பேச்சாளர்களுக்கும் இவ்விதியை விதித்தால், உடன் எழுந்து பாட ஆளில்லாதவர் சற்றுச் சுருக்கமாகப் பேசுவாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

சேர்ந்து பாடும் மரபு எமக்கும் அந்நியமன்று. திருவையாற்றில் தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வித்துவான்களும் மாணாக்கரும் ஒருங்கமர்ந்து பாடுகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரிலும் 1978 முதல் அவ்விழா நடைபெறுகிறது.

ஒக்லாந்திற் குடியிருப்போர் இன்னொன்றையும் கருத வேண்டும். அயலவர் முறையிட்டால், 1991ஆம் ஆண்டின் வள முகாமைச் சட்டப்படி மாநகர அலுவலர் வந்து இரைச்சலைக் குறைக்கப் பணிக்கலாம். அவ்வாணை 72 மணி நேரம் வரை செல்லும். மீறினால் ஒலிபெருக்கிகளை எடுத்துச் செல்லவும் முடியும். ஒலிபெருக்கியற்ற வட்டத்துக்கு இத்தொல்லை குறைவு. மிருதங்கத்தை மட்டும் இரவு நேரத்தில் சற்று அடக்கி வாசிக்க வேண்டும்.

தொலைவிலுள்ள உறவுகளையும் இணைக்கலாம். 2020இல் வெலிங்டனில் நடைபெறவிருந்த உலக விஞ்ஞானக் கதை மாநாடு, கொரோனாவினால் இணையத்துக்கு மாறியது. இணையத்திற் குரல் சற்றுப் பிந்தி வருவதாற் பலர் ஒரே தாளத்திற் பாட இயலாது. ஒருவர் பாட ஏனையோர் கேட்பது இயலும். முறைவட்டத்துக்கு அதுவே போதும். யூன், யூலை மாதங்களில் இங்கே ஞாயிறு காலை ஒன்பது மணியாகும்போது ரொறன்ரோவிற் சனி மாலை ஐந்து. இலண்டனில் இரவு பத்து. மூன்று ஊரிலும் பாட்டி விழித்திருக்கும் நேரம்.

வரும் விடுமுறையில் யாரேனும் ஒருவர் வீட்டிற் பத்துக் கதிரைகளுடன் தொடங்கலாம். அன்று சமையலை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். முதற் கதிரை அந்த அம்மாவுக்கு. அவர் விட்டுக்கொடுத்தால், அடுத்த சுற்றில் மீண்டும் கேட்போம்.