பழைய ஃபிளாட்: மனையும் தண்ணீரும்

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் தனி வீடு வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத செலவாகிவிட்டது. மாம்பலத்திலோ அசோக் நகரிலோ நங்கநல்லூரிலோ குடியேற நினைப்பவர்களின் கைக்கு எட்டுவது, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்களில் உள்ள ஃபிளாட்டுகள்தான். பள்ளி, கோவில், சந்தை, ரயில் நிலையம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் அமைந்திருப்பது இவற்றின் பெரிய பலம். ஆனால் வாங்க வருபவர்கள் புது டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியவை மனையும் தண்ணீரும்.

ஃபிளாட் வாங்குபவருக்குச் சுவர்களோடு சேர்ந்து அந்தக் கட்டடம் நிற்கும் மனையில் ஒரு பங்கும் சொந்தமாகிறது. பத்திரத்தில் இதைப் பிரிபடாத பாகம் என்று எழுதுவார்கள், பேச்சில் யுடிஎஸ். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் சம அளவுள்ள எட்டு ஃபிளாட்டுகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி கிடைக்கும். அதே மனையில் பன்னிரண்டு ஃபிளாட்டுகள் இருந்தால் 400தான். கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறையும். மனையின் மதிப்பு அப்படிக் குறைவதில்லை. ஆகவே முப்பது வயதான ஃபிளாட்டின் விலையில் பெரும்பகுதி இந்தப் பங்குக்கு உரியது. எல்லாருடைய பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவைத் தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தாண்டினால், யாரோ ஒருவருக்கு இல்லாத நிலம் விற்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பங்கின் முக்கியத்துவம் இப்போது இன்னும் கூடியிருக்கிறது. முன்பு மனையின் பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்த பொது அளவு, 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இரண்டு மடங்காக உயர்ந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால் கூடுதல் பரப்பு கிடைக்கும் என்பதால் பில்டர்கள் இந்தத் தெருக்களைத் தேடி வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்கு வழி செய்கிறது. அப்படிக் கட்டும்போது ஒருவருக்கு எவ்வளவு பரப்பு கிடைக்கும் என்ற பேரம் பெரும்பாலும் யுடிஎஸ்ஸை வைத்தே நடக்கும்.

அடுத்தது பத்திரங்கள். தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் புது ஃபிளாட்டுகளுக்கு மனைப் பங்கை மட்டும் கிரயப் பத்திரமாகப் பதிவு செய்து, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவது வழக்கமாக இருந்தது. அதனால் விற்பவரிடம் இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வந்திருக்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுப்பது நல்லது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. வங்கியில் கடன் வாங்கியவர் உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான பதிவு அங்கே இருக்கும். கடனை அடைத்த பிறகு அதற்கான ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். கடனை அடைத்தும் ரசீதைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. அந்த வரி அப்படியே நின்றால், வாங்குபவரின் வங்கி கடன் தரத் தயங்கும்.

வில்லங்கச் சான்றிதழ் பதிவான விவரங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலும் குடும்பத்தின் வாய்மொழி உடன்பாடும் அதில் வராது. உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு “இதுவே போதும்” என்பவரிடம் ஃபிளாட் வாங்கக் கூடாது. அப்படிக் கைமாறும் சொத்தின் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பாக இருந்தால், ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது; வாரியம் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரமும் வேண்டும்.

பிறகு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ (சிஎம்டிஏ) மாநகராட்சியோ அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். வரைபடத்தில் கார் நிறுத்தும் இடம் என்றிருப்பது அறையாக மாறியிருக்கலாம். மொட்டை மாடியில் ஒரு வீடு முளைத்திருக்கலாம். ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்று பார்ப்பது, கடலோரப் பகுதிகளில் கட்டாயம். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுமானக் குறைக்கு பில்டரை ஐந்தாண்டு பொறுப்பாக்குகிறது. இருபது வயது ஃபிளாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு சிவில் இன்ஜினியருக்குக் கட்டணம் கொடுத்துக் கட்டடத்தைக் காட்டுவது வீண் செலவாகாது.

தண்ணீர் விஷயத்தில் விற்பவர் சொல்வதை மட்டும் நம்பிவிட முடியாது. மெட்ரோ தண்ணீர் சம்ப்பில் எத்தனை மணிக்கு ஏறுகிறது, போர்வெல் தண்ணீர் உப்பா, மோட்டார் எத்தனை முறை போடுகிறார்கள் என்பதையெல்லாம் வாட்ச்மேன் அறிவார். குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு நோட்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை லாரித் தண்ணீருக்கு என்ன செலவானது என்று பார்த்தால் உண்மை நிலை விளங்கும். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் நகரம் பட்ட பாட்டை அந்த நோட்டே சொல்லும். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டது. குழாய் இருந்தால் மட்டும் போதாது, தொட்டியைத் தூர்வாரி வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

தண்ணீர் இல்லாமை போலவே தண்ணீர் தேங்குவதும் இந்த நகரத்தின் கவலை. தியாகராய நகர் 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் இன்றும் ஏரியின் பெயரைச் சுமக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை இஸ்திரி வண்டிக்காரரும் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களும் முழங்கால், இடுப்பு என்று அளவோடு சொல்வார்கள்.

செலவைப் பொறுத்தவரை, பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். சொத்து வரி, மின் கட்டணம், சங்கத்தின் பராமரிப்புத் தொகை ஆகியவற்றில் விற்பவருக்குப் பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்புக்காக. வாங்குபவர் தமக்கென ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.